அசையாமல் நின்றவர்

எட்டரை மணிக்குத்தான் எல்லாம் கோணலாகத் தொடங்கியது. எந்த எட்டரை என்று நீங்கள் கேட்பீர்கள். என் கணக்கில் இரண்டு எட்டரை உண்டு. ஒன்று போன சனிக்கிழமை. மற்றது ஜப்பான்காரன் காலத்தில்.

போன சனிக்கிழமை எட்டரைக்கு நான் சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தபோது, என் மகள் வளர்மதி சாப்பாட்டு மேசையில் ஒரு புகைப்படத்தைக் கொண்டுவந்து வைத்தாள். மெர்கோங்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறாள். வார இறுதியில் பஸ் பிடித்து வீட்டுக்கு வருவாள். அங்கே நாலைந்து பேர் சேர்ந்து கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள் என்று எனக்கு அரைகுறையாகத் தெரியும். முழுதாகத் தெரிந்துகொள்ள நான் எடுத்த முயற்சிகளுக்கு என் மனைவி 'துப்பறிவது' என்று பெயர் வைத்திருக்கிறாள்.

இரவில் எடுத்த படம். மழை ஓய்ந்த சாலை. கடை விளக்குகள் தண்ணீரில் நீளநீளமாக விழுந்து கிடந்தன. நடுவில் ஒரு கார் போன தடம், வெள்ளைக் கம்பி இழுத்தது போல. தடம் இருக்கிறது, கார் இல்லை. நல்ல படம் என்று மனசுக்குப் பட்டது. ஆனால் கை அதைக் கவிழ்த்து வைத்துவிட்டது.

"ஏன்ப்பா கவுத்து வைக்கிறீங்க?"

"கூட யாரு இருந்தா?"

"எங்க கூட்டந்தான்ப்பா. வேற யாரு."

"இத யார் யாருக்குக் காட்டின?"

"எல்லாருக்கும்தான். படம் எடுக்கிறதே காட்டுறதுக்குத்தானே லா."

"ஓரத்துல ஒரு கட்டடம் தெரியுதே, அது என்னா?"

"போஸ்டாபீசு."

"கவர்மெண்டு கட்டடமா?"

அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "வளரு, நீ பேசாம இரு. உங்கப்பா இப்ப எழுந்துபோயி வாசக் கதவத் தாப்பா போட்டுட்டு வருவாரு பாரு."

உண்மையில் நான் அதற்காகத்தான் எழுந்திருந்தேன். கை கழுவப் போவது போல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். ரசம் ஊற்றிய சோற்றில் இன்னும் கை வைக்கவே இல்லை என்பதை இருவரும் கவனித்தார்கள்.

அவள் தூங்கப் போன பிறகு படத்தை எடுத்து மோந்து பார்த்தேன். சிரிக்காதீர்கள். படத்தை மோந்து பார்க்கிற பழக்கம் ஒரு காலத்தில் என்னோடு படம் எடுத்த ஆட்கள் எல்லோருக்கும் இருந்தது. லேசாகக் காடி வாசனை. பிள்ளைகள் சரியாக அலசவில்லை. அந்த வாசனை என்னை நேராகக் கெடாவில் இருக்கிற பீடோங்குக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அப்போது பீடோங்குக்கு வெளியே ஒரு தோட்டத்தில் நான் சின்னக் கிராணி, அதாவது ஆபீசில் இளைய குமாஸ்தா. ரப்பர்ப் பாலை உறைய வைக்க ஸ்டோரில் ஊற்றுகிற ஆசிட்டில் இரண்டு சொட்டு தண்ணீரில் விட்டால், படம் கழுவும்போது அது மேலும் மேலும் கறுத்துப் போகாமல் நிறுத்திவிடலாம். தோட்டத்துக் கிராணியின் சட்டையில் ஆசிட் வாசனை அடித்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அந்தக் காலத்தில் ஏன் என்று கேட்காத வாசனை கிடைப்பது பெரிய பாக்கியம்.

நாங்கள் நான்கு பேர். பீடோங் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த மாணிக்கம் அண்ணே. எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக, அதாவது டாக்டர் வராத நாளெல்லாம் டாக்டராக, இருந்த தங்கராசு ஐயா. கடைக்கு எதிர்ச்சாரியில் பல் கட்டுகிற லிம். நான்காவது நான். எங்களில் யாருக்கும் படம் எடுப்பது தொழில் இல்லை. பகலில் எல்லோரும் எதையாவது செய்துதான் சாப்பிட்டோம். எங்களுக்கு மிஞ்சியது இரவு. அதனால் இரவைப் படம் எடுத்தோம்.

ஜப்பான் சண்டைக்கு முன்னே ஆரம்பித்தது இது. நான் எடுத்த முதல் உருப்படியான படம் பெரட்டுப் படம். விடிவதற்கு முன் தோட்டத்தில் ஆட்களை வரிசையாக நிற்கவைத்துப் பேர் கூப்பிடுவதைத்தான் பெரட்டு என்போம். ஆபீஸ் ஜன்னல் திட்டில் பெட்டிக் கேமராவை வைத்து, கண்ணாடியை மூடியிருந்த தொப்பியை நெடுநேரம் எடுத்து வைத்து, கை விளக்குகளோடு ஆட்கள் கலைந்து போவதை எடுத்தேன். கழுவிப் பார்த்தால் ஓர் ஆளைக்கூடக் காணோம். விளக்குகள் மட்டும் மரங்களுக்குள்ளே நூல் நூலாகப் போயிருந்தன. முந்நூறு பேர் வேலைக்குப் போகிறார்கள், ஒருவரும் இல்லை. இரவுப் படத்தின் குணம் அது. அசைவதை அது வைத்துக்கொள்ளாது. எது நின்றதோ அதை மட்டும் எழுதும்.

மாணிக்கம் அண்ணே கடை மாடியில் மாதம் ஒருமுறை கூடுவோம். அங்கே ஒரு முறை இருந்தது. மாடிப்படி ஓரத்து ஆணியில் ஒரு துணிப்பை தொங்கும். ஏறி வருகிறவர் தன் படத்தை அதில் போட்டுவிட்டு வர வேண்டும். எத்தனை வேண்டுமானாலும் போடலாம், போடாமலும் இருக்கலாம். பிறகு அண்ணே பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். யார் எடுத்தது என்று அப்போது சொல்லக் கூடாது. ஒவ்வொருவரும் படத்தில் தான் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். முன்னால் ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்லக் கூடாது. எடுத்தவரும் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு தன் படத்தைப் பற்றியே ஒன்று சொல்லி, கடைசியில்தான் என்னுடையது என்பார். எல்லோரும் நல்லது ஒன்று சொன்ன படம் பெட்டிக்குப் போகும். பெட்டி என்றால் ஒரு பழைய பிஸ்கட் டின். மிளகாய் மூட்டைகளுக்குப் பின்னால் இருக்கும்.

பெரட்டுப் படம் பெட்டிக்குப் போனது. அடுத்த மாதம், நிலா வெளிச்சத்தில் ரப்பர் மரத்துப் பால் கிண்ணங்களை எடுத்து நான் கொண்டுபோன படத்தில் மூன்று பேரும் கண்டது என் கட்டைவிரல் ரேகையைத்தான். "ரேகை நல்லா விழுந்திருக்கு தம்பி, ஆயுசு கெட்டி" என்றார் டிரெசர் ஐயா. அவர் அப்படித்தான். நோயாளியிடமும் அதே குரலில்தான் பேசுவார்.

ஜப்பான்காரன் வந்தான். வந்து செய்த முதல் காரியங்களில் ஒன்று கடிகாரத்தை ஒன்றரை மணி முன்னால் தள்ளி வைத்தது. டோக்கியோவில் என்ன மணியோ அதுதான் பீடோங்கிலும். சேவலுக்கு இதை யாரும் சொல்லவில்லை. எட்டரை மணிக்கு அப்போதுதான் சூரியன் ரப்பர் மரங்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருக்கும். கடை அடைத்த பிறகு அந்த எட்டரைக்குத்தான் கூடினோம். இரவில் எடுத்த படங்களை அந்தி வெளிச்சத்தில் பார்த்தோம். விளக்கு வைத்தால் எண்ணெய்க்குக் கேடு. அதைவிட, மாடியில் விளக்கு எரிந்தால் எத்தனை தலை என்று தெருவில் எவனாவது எண்ணுவான்.

அந்தக் காலத்தில் போய் எதற்கு இந்த விளையாட்டு என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் கேட்டாள். வளர்மதி அப்போது அவள் வயிற்றில். மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. கிழங்கைத் தின்று கிழங்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த நாட்களில், மாதத்தில் ஒரு மணி நேரம் நாலு பேர் உட்கார்ந்து நிழலையும் வெளிச்சத்தையும் பற்றிப் பேசினோம். அதற்கு மேல் காரணம் சொல்லத் தெரியவில்லை.

ஃபிலிம் கிடைக்காமல் போயிற்று. டிரெசர் ஐயா பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து எக்ஸ்ரே ஃபிலிம் கொண்டுவந்து, கத்தரித்து எல்லோருக்கும் பங்கு வைத்தார். மாணிக்கம் அண்ணே வீட்டுக் கிணற்றடியில் கழுவினோம். நானும் அண்ணேயும் லிம்மும் பின்கட்டு, அடுப்பு நெருப்பு, ஜெராய் மலைமேல் நிலா என்று ஆபத்தில்லாததாகப் பார்த்து எடுத்தோம். ஒரு பிரதி போட்டதும் நெகட்டிவை அடுப்பில் போட்டுவிடுவோம். ஒரு படத்துக்கு ஒரே காகிதம். அது பெட்டியில் இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை.

ரேடியோவைக் கொண்டுபோனார்கள். சைக்கிளைக் கொண்டுபோனார்கள். கேமராவைப் பற்றி மட்டும் யாரும் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. ஏனென்றால் எங்களிடம் கேமரா இருப்பது அவர்களில் ஒருவருக்கு நன்றாகத் தெரியும். சண்டைக்கு முன்னால் சுங்கை பட்டாணியில் போட்டோக்கடை வைத்திருந்த ஜப்பான்காரர் அவர். நாங்கள் காகிதம் வாங்கியது அவரிடம்தான். எங்கள் படங்களை வாங்கிப் பார்த்து, "பாகுஸ், பாகுஸ்" என்று மலாயில் மெச்சுவார். லிம் எடுத்த ஒரு பாலத்துப் படத்தைக் கேட்டு வாங்கித் தன் கடைக் கண்ணாடியில்கூட வைத்திருந்தார். சண்டைக்குக் கொஞ்சம் முன்பு காணாமல் போனவர், பட்டாளத்து உடையில் திரும்பி வந்தபோது இடுப்பில் கத்தி தொங்கியது. பாலத்தை எதற்காக மெச்சினார் என்று அதன் பிறகு லிம் யாரிடமும் பேசவில்லை.

சயாமுக்கு ஆள் பிடித்தது அதே காலத்தில்தான். ரயில்பாதை போடுகிற வேலை, மூன்று மாதம், அரிசி, கூலி என்று சொன்னார்கள். முதலில் நம்பிப் போனார்கள். பிறகு போனவர்களைப் பற்றித் தகவலே வராததால் ஆட்கள் ஒளிந்துகொள்ள ஆரம்பித்தார்கள். அப்புறம் லாரி நேராகத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வாசலுக்கே வந்தது. கடைத்தெருவில் யாராவது யாரையாவது கை காட்டினால் போதும். என் மனைவி எனக்குச் சட்டை எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் சொன்னது ஒன்றுதான்: "யாருகிட்டயும் பேச்சு வச்சுக்காதீங்க. போனமா வந்தமான்னு இருங்க."

நாங்கள் கூடவேண்டிய ஒரு நாள் பகலில், போட்டோக்கடைக்காரர் மாணிக்கம் அண்ணே கடைக்கு வந்து துணி துவைக்கச் சவுக்காரம் கேட்டிருக்கிறார். சவுக்காரம் அவருக்கு எங்கேயும் கிடைக்கும். வாங்கிக்கொண்டு, மாடிப்படியைப் பார்த்து, "இன்னும் மேலே கூடி உட்காருகிறீர்களா? படம் பார்க்கிறீர்களா?" என்று மலாயில் கேட்டாராம். அண்ணே "அதெல்லாம் யாருக்கு நேரம் இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். அவர் சிரித்துவிட்டு, படியோரம் சற்று நின்று, போயிருக்கிறார். இதை அண்ணே எங்களிடம் சொன்னது பிறகுதான். முன்பே சொல்லியிருந்தால் நாங்கள் அன்றைக்குக் கூடியிருக்கமாட்டோம்.

அன்றைக்குப் பையில் ஐந்தாறு படங்கள் இருந்தன. லிம்மின் வாழைத்தோப்பு. என்னுடைய அடுப்பு நெருப்பு ஒன்று, என்னுடைய அடுப்பு நெருப்பு இன்னொன்று. "கிராணி வூட்டுல கெழங்கு வேகவே வேகாது போலருக்கு" என்றார் மாணிக்கம் அண்ணே. ஆஸ்பத்திரிக் கூரைக்கு மேலே மேகம். அதை டிரெசர் ஐயா தன்னுடையது என்றார். அடுத்து அண்ணே கைவிட்டு ஒன்றை எடுத்து வைத்தார்.

ரயில்வே ஸ்டேஷன். இரவு. ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கின் வெளிச்சத்தில் பிளாட்பாரம் முழுக்க ஆட்கள். ஆட்கள் என்றா சொன்னேன், ஆட்களின் புகை. எல்லோரும் அசைந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். கம்பளியும் தகரப் பெட்டியுமாக வெள்ளையாகக் கலங்கித் தெரிந்தது. துப்பாக்கிக்காரர்கள்கூட இரண்டு நீளக் கோடுதான். சயாமுக்கு ஏற்றிப் போகிற கூட்டம் என்று பார்த்ததுமே தெரிந்தது. அந்தக் கலக்கத்துக்கு நடுவே ஒரே ஓர் ஆள் மட்டும் செதுக்கி வைத்தது போல் நின்றார். முப்பது வயது இருக்கலாம். காதில் கடுக்கன். தோளில் ஒரு வெள்ளை மூட்டை. ஒரு கையால் அதைத் தாங்கிக்கொண்டு, நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். கடுக்கனில் விளக்கு ஒரு புள்ளியாக விழுந்திருந்ததுகூடத் தெரிந்தது.

அதைவிட நல்ல இரவுப் படத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அது ஒருவன் கையில் சிக்கினால் எங்கள் நான்கு பேர் தலையும் அன்றைக்கே போகும் என்பதும் அதே நொடியில் தெரிந்தது.

முறைப்படி லிம் முதலில் பேச வேண்டும். "சாயா தாடா நம்பாக் அப்பா அப்பா" என்றார். நான் ஒன்றும் பார்க்கவில்லை என்று அர்த்தம். அடுத்தது நான். "எனக்கும் ஒண்ணும் தெரியலண்ணே" என்றேன். ஒருவர் சொன்னதை மற்றவர் சொல்லக் கூடாது என்ற முறை அங்கேயே உடைந்தது. யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

டிரெசர் ஐயா படத்தைக் கையில் எடுத்து ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தார். வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்த ஆளு நல்லா நின்னிருக்காருல்ல."

"அதாங்க எனக்கும் உறுத்துது" என்றார் மாணிக்கம் அண்ணே. "ஏன் நின்னான்?"

"என்னாண்ணே?"

"தம்பி, நீ சொல்லு. விளக்கு வெளிச்சத்துல, இந்த ஃபிலிமுக்கு, தொப்பிய எடுத்துட்டு எவ்வளவு நேரம் காத்துக்கிட்டு இருக்கணும்? ஒரு வெத்தலைய மடிச்சு மென்னு துப்பலாம். அவ்வளவு நேரம் ஒரு மனுசன் இமை கொட்டாம நிப்பானா? அதுவும் அந்தக் கூட்டத்துல? துப்பாக்கி குத்துது, பொம்பளைங்க அழுவுறாங்க, எல்லாரும் ஆடுறான், இவன் மட்டும் நிக்கிறான். நம்ம வீட்டுப் புள்ளைங்கள நிக்க வச்சு எடுக்க நாம என்னா பாடுபட்டோம். நில்லுன்னு ஒருத்தன் சொல்லாம ஒருத்தன் இப்பிடி நிக்க மாட்டான்."

எங்களுக்கு அது உடனே விளங்கியது. வேறு யாருக்கும் விளங்கியிருக்காது. ஊரில் வேறு யாரிடம் அந்தப் படத்தைக் காட்டியிருந்தாலும், ஐயோ பாவம் என்றிருப்பார்கள். எங்களுக்குத்தான் வெளிச்சக் கணக்கும் நேரக் கணக்கும் தெரியுமே. நிற்கச் சொல்லி எடுத்த படம். அப்படியானால் எடுத்தவனுக்கு அந்தப் பிளாட்பாரத்தில் நில் என்று சொல்ல அதிகாரம் இருந்திருக்கிறது. அங்கே அந்த அதிகாரம் யாருக்கு? பிறகுதான் அண்ணே சவுக்காரக் கதையைச் சொன்னார். பை படியோரம்தான் தொங்கியது.

"அந்தப் போட்டோக்கடைக்காரன் இதப் பையில போட்டுட்டு, நாம யாராச்சும் போயிச் சொல்றமான்னு பாக்கறான்" என்றார் அண்ணே. "சொல்லலன்னா நாலு பேரும் சேத்தி. இல்லன்னா நம்மள்ல ஒருத்தன்கிட்டக் குடுத்துப் போடச் சொல்லியிருக்கான்."

"தோள்ல மூட்டை வேற" என்றேன் நான். நானும் என் அறிவைக் காட்ட வேண்டாமா? "சாதாரண ஆளா இருந்தா மூட்டைய எறக்கி வச்சிருப்பான். எடுப்பா இருக்கட்டும்னு தூக்கிக்கச் சொல்லியிருக்காங்க."

"மூட்டைன்னு எப்பிடித் தம்பி தெரியும்?" என்றார் டிரெசர் ஐயா.

"வேற என்னாங்க அது?"

அவர் படத்தை மேசையில் வைத்தார்.

"சரி, யாரோடது?" என்று அண்ணே கேட்டார். லிம் தலையை ஆட்டினார். நான் இல்லை என்றேன். டிரெசர் ஐயா தன் மேகப் படத்தை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "இருட்டிடுச்சு" என்றார். ஒவ்வொருவராக, கொஞ்சம் கொஞ்சம் நேரம் விட்டு இறங்கிப் போனோம்.

அன்றைக்கே அண்ணே அந்தப் படத்தையும், பிஸ்கட் டின்னில் இருந்த எல்லாவற்றையும் அடுப்பில் போட்டார். மறுநாள் கடையில் உப்பு நிறுத்துக் கொடுக்கும்போது, "எல்லாம் சாம்பல்" என்று என்னிடம் மட்டும் சொன்னார். என்னிடம் மட்டும் ஏன் சொல்கிறார் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பின் வந்த நாட்களை எப்படிச் சொல்வது? சந்தேகம் ஒரு தொழில் மாதிரி ஆகிவிட்டது. முதலில் லிம் மேல் சந்தேகப்பட்டேன். அவருடைய பாலத்துப் படத்தைத்தானே போட்டோக்கடைக்காரர் மெச்சினார். பிறகு, சீனர்களை அவர்கள் படுத்துகிற பாட்டில் லிம் எப்படி அவர்களுடைய ஆளாவார் என்று தோன்றியதும் மாணிக்கம் அண்ணே பக்கம் திரும்பினேன். பை அவருடையது, படி அவருடையது, கதையும் அவர் சொன்னது. அவருக்கு மட்டும் சவுக்காரம் எங்கிருந்து வருகிறது? மனைவியிடம் இதைச் சொன்னபோது, "அவரு குடுத்த சவுக்காரத்துலதான் நீங்க போட்டிருக்கிற சட்டை வெளுத்துச்சு" என்றாள். அண்ணேயை விட்டுவிட்டேன். மிச்சம் டிரெசர் ஐயா.

அவர் மேல் சந்தேகப்பட ஆரம்பித்ததும் எல்லாம் பொருந்தியது. இரவில் வெளியே போக அவருக்குத்தான் அனுமதி இருந்தது. சயாமுக்குப் போகிறவர்களுக்கு ஊசி போட்டு, ஸ்டேஷன் வரைக்கும் மருந்துப் பெட்டியோடு போய் ஏற்றிவிட்டு வருவது அவருடைய வேலை. மருந்துப் பெட்டிக்குள் ஒரு கேமரா தாராளமாக அடங்கும். ஆகவே எடுத்தவர் அவர்தான் என்று முடிவு செய்தேன். அது சரிதான். யாருக்காக எடுத்தார் என்பதில்தான் நான் என் இஷ்டத்துக்கு மீதியை எழுதிக்கொண்டேன்.

கொஞ்ச நாள் கழித்து அவரே ஆபீசுக்கு வந்தார். பெரிய கிராணி வெளியே போயிருந்த நேரம். மேசை மேல் கை ஊன்றி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தம்பி, அந்தப் படம் என்னாச்சு? பெட்டிக்குப் போச்சா?"

என் காதில் அது விசாரணையாக விழுந்தது. யாரோ கேட்டுவரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஆமாம் என்றால் வைத்திருந்த குற்றம், எரித்துவிட்டோம் என்றால் மறைத்த குற்றம். மனைவிக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"எந்தப் படம்?" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நோயாளியின் கண்ணை இழுத்துப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். பிறகு, எனக்குப் புரிய நாளான ஒரு சிரிப்புச் சிரித்தார். "சரிங்க கிராணி" என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவரை அவர் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

அடுத்து சயாமுக்குப் போன கூட்டத்தோடு அவரையும் அனுப்பினார்கள். அங்கே ஆட்கள் ஈசல் மாதிரி விழுகிறார்கள், ஊசி போட ஆள் வேண்டும் என்றார்கள். லாரியில் முன்னால், டிரைவருக்குப் பக்கத்தில், மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனார். ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். டிரைவர் பக்கத்தில் உட்காரவைக்கிறார்களே, அப்போது அவர்களுடைய ஆள்தான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த அளவுக்கு இருந்தது என் மூளை. அவர் திரும்பவில்லை. எங்கே, எதனால் என்று யாருக்கும் தெரியாது.

வளர்மதி பிறந்தாள். அதற்கப்புறம் நாங்கள் கூடவில்லை. கேமராவை எண்ணெய்த்துணியில் சுற்றிக் கோழிக்கூண்டுக்குக் கீழே புதைத்தேன். எடுத்தபோது கறையான் தின்றிருந்தது. கெடாவைச் சயாம்காரனிடம் கொடுத்துவிட்டார்கள், ஆனால் ஜப்பான்காரனும் போகவில்லை. பிறகு ஒரு நாள் இருவரும் போனார்கள். கடிகாரத்தைத் திரும்பப் பின்னால் தள்ளி வைத்தோம்.

இப்போது பீடோங் கடைத்தெருவில் அந்தக் கடை இல்லை. இடித்து சிமெண்டுக் கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள், கீழே மோட்டார் சைக்கிள் விற்கிறார்கள். லிம் மகன்களோடு பினாங்குக்குப் போய்விட்டார். மாணிக்கம் அண்ணே காலமாகிவிட்டார். ஆஸ்பத்திரியைத் தோட்டத்துக்காரர்கள் பிரித்து விறகாக்கினார்கள். நால்வரும் எடுத்த அத்தனை படங்களில் ஒன்றுகூட எங்கேயும் இல்லை. எங்கள் இரவுகள் எப்படி இருந்தன என்று வளர்மதிக்குக் காட்ட ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. படத்தைப் பார்த்ததும் அதில் வெளிச்சத்தைத் தேடுகிற கண் எனக்கு ஒரு காலத்தில் இருந்தது என்று சொன்னால் அவள் நம்பமாட்டாள். அதுவும் போய்விட்டது. இப்போது நான் தேடுவது எடுத்தவன் யார் என்பதைத்தான்.

இன்னொன்று சொல்ல மிச்சம் இருக்கிறது. சண்டை முடிந்து கடைகளில் மறுபடி அரிசி மூட்டை தெரிய ஆரம்பித்த சமயம் அது. மாணிக்கம் அண்ணே கடையில் நான் நின்றுகொண்டிருந்தேன். அண்ணே தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். செர்டாங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பாதி வழி லாரி, பாதி வழி நடை என்று காலில் இருந்த மண் சொன்னது. கையைப் பிடித்தபடி ஒரு சின்னப் பெண்பிள்ளை. வேறு ஆட்கள் போகும் வரை காத்திருந்துவிட்டுத்தான் பேசினாள்.

"டிரெசர் ஐயா சொன்ன கட இதுங்களா?"

அண்ணே என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன். "எந்த டிரெசரு?" என்றார் அண்ணே.

"தங்கராசு ஐயா. சயாமுக்குப் போறதுக்கு முந்தி எங்க லயத்துக்கு வந்து சொல்லிட்டுப் போனாருங்க. எங்க வீட்டுக்காரரு வண்டி ஏறுன அன்னிக்கு ஸ்டேசன்ல ஒரு படம் எடுத்தேன், பீடோங்குல மாணிக்கம் கடையில பத்திரமா இருக்குன்னாரு. இப்ப போவாத, வெள்ளக்காரன் வந்தப்பறம் போ. கேட்டா எந்தப் படம்னுதான் சொல்லுவாங்க, நல்ல ஆளுங்க, அவங்க காபந்து பண்ணத்தான் அப்பிடிச் சொல்றாங்க, பயந்துக்காதன்னாரு."

அண்ணே கையில் துணி அப்படியே நின்றது. அவருக்கு இன்னும் ஓர் ஓரத்தில் நம்பிக்கை வரவில்லை போல, கேட்டார்: "உன் வீட்டுக்காரரு காதுல கடுக்கன் போட்டிருப்பாரா?"

"ஆமாங்க."

"தோள்ல ஒரு மூட்டை..."

"மூட்டையாங்க?" அவள் குனிந்து அந்தப் பெண்பிள்ளையைப் பார்த்தாள். "இவதாங்க அது. காச்சலு. ரெண்டு ராத்திரியா கத்திக்கிட்டே இருந்தா. அங்க வந்துதான் அப்பா தோள்ல கண்ணசந்தா. எழுப்பிடுவமோன்னு அவரு வண்டி வர்ற வரைக்கும் அசையாம நின்னாரு. என்னையும் தள்ளி நில்லுன்னுட்டாரு. அப்பறம் எங்கிட்டக் குடுத்துட்டு ஏறிட்டாரு. திரும்பி வந்தவங்க அவர அங்கயே பொதச்சுட்டோம்னு சொன்னாங்க."

அண்ணே துடைத்த தராசையே மறுபடி துடைத்தார். படத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்று நாங்கள் யோசிக்கிறோம் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். பிள்ளையைத் தனக்கு முன்னால் நகர்த்தி நிறுத்தினாள்.

"இவளுக்கு அப்பா மொகம் தெரியாதுங்க. படத்தக் குடுக்க வேணாம், நீங்களே வச்சுக்கங்க. ஒரு தடவ காட்டுனாப் போதும்."